கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்: பாஸ்க் பெர்ட்சோவைக் கேட்கவும் கட்டவும் ஒரு முழு வழிகாட்டி

2009 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வட ஸ்பெயினில், பில்பாவோ நகரை ஒட்டிய பராகால்டோவில் ஒரு பெரிய கண்காட்சி அரங்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கி, காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் நாற்காலிகளும் மைக்குகளும் மட்டுமே. மேளம் கிடையாது, கிடார் கிடையாது, பின்னணியில் நடனமும் கிடையாது. எட்டுப் பேர் மாற்றி மாற்றி எழுந்து வந்து, கொடுத்த தலைப்பில் அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள். மாலையில், எர்னானி ஊரைச் சேர்ந்த 33 வயது மயாலென் லுஹான்பியோவின் தலையில் சாம்பியனுக்கான பெரிய கறுப்புத் தொப்பி ஒன்று வைக்கப்படுகிறது. அந்தத் தொப்பியை அணிந்த முதல் பெண் அவர். விடைபெறும் பாட்டில், தலைத்துணியின் மேல் சலவை மூட்டை சுமந்து நடந்த அந்தக் காலத்துப் பாட்டிமாரை நினைத்துக்கொண்டார். அங்கிருந்து அம்மாக்களுக்கும், அப்புறம் இன்றைய மகள்களுக்கும் வந்தார்.

இதைத்தான் பெர்ட்சோலாரிட்சா என்கிறார்கள். பாடப்படும் ஒரு கண்ணி பெர்ட்சோ, பாடுகிறவர் பெர்ட்சோலாரி. நம் ஊர் வார்த்தையில் ஆசுகவி. ஒரே வித்தியாசம், இவர்களுக்கு அரசவை கிடையாது. சாப்பாட்டு மேசையும் ஊர்ச் சதுக்கமும்தான் இவர்கள் சபை.

மொழி தெரியாமல் இதைக் கேட்டு என்ன பயன் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பெர்ட்சோ எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துவிட்டால், ஒரு சொல்கூடப் புரியாமலேயே பாடுகிறவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே தப்பிக்கிறார், எங்கே அடிக்கிறார் என்று காது பிடித்துவிடும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. பாதியில் நாமே தமிழில் ஒன்று கட்டிப் பார்க்கப் போகிறோம்.

முதல் படி: இடத்தையும் பெயர்களையும் பழக்கிக்கொள்ளுங்கள்

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில், பிரனீஸ் மலையின் மேற்கு முனையும் கடலும் சந்திக்கும் இடம்தான் பாஸ்க் நாடு. ஏழு வட்டாரங்கள். அவற்றில் நான்கு ஸ்பெயினிலும் மூன்று பிரான்சிலும் இருக்கின்றன. மொழியின் பெயர் எவுஸ்காரா. பேசுபவர்கள் பத்து லட்சத்துக்கும் குறைவு. சுற்றியுள்ள ஸ்பானியம், பிரெஞ்சு எதனோடும் இதற்கு உறவில்லை. உலகில் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை.

நமக்கு வசதியான ஒரு விஷயம் உண்டு. எவுஸ்காராவும் தமிழைப் போலவே ஒட்டு மொழி. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டும், வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். பாட்டுக் கட்டுகிறவருக்கு இது வரமும்தான், வலையும்தான். ஏன் என்று இயைபுக்கு வரும்போது சொல்கிறேன்.

இப்போதைக்கு நான்கு சொற்கள் போதும். மெட்டுக்கு டொய்னு. தலைப்புக்கு காய். தலைப்புக் கொடுப்பவர் காய்-யார்ட்சாய்லே. வரி முடிவில் வரும் இயைபுச் சொல்லுக்கு ஒய்ன். இந்த ஒய்னுக்கு நேர்ப்பொருள் 'பாதம்'. நாம் பாட்டின் வரியை 'அடி' என்கிறோம், அவர்கள் வரி ஊன்றி நிற்கும் சொல்லைப் பாதம் என்கிறார்கள். இரண்டு மொழிக்கும் தொடர்பு இருக்கிறது என்று இதை வைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாட்டு எங்கே நிற்கிறது என்று யோசித்த இருவருக்கும் கால் நினைவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: முதல் தடவை முடிவுகளை மட்டும் கேளுங்கள்

இணையத்தில் பெர்ட்சோ காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. மயாலென் லுஹான்பியோ, அந்தோனி எகான்யா, அமெட்ஸ் அர்சால்யுஸ், இந்த மூவரில் ஒருவருடையதை எடுங்கள். ஒரு கண்ணி ஓடட்டும். பொருளைத் தேடாதீர்கள். மெட்டு எங்கே இறங்கி நிற்கிறது, நிற்கும் இடத்தில் என்ன ஓசை வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நான்கைந்து இடங்களில் ஒரே ஓசை திரும்பி வரும். ஒரு கண்ணி முழுக்க ஒரே இயைபு. பாதியில் மாற்றிக்கொள்ள முடியாது. நமக்கு எதுகையும் மோனையும்தான் பழக்கம், அவை வரியின் முன்பக்கம் வருபவை. இங்கே எல்லாம் பின்பக்கம். இலக்கணத்தில் நாம் இயைபுத் தொடை என்று படித்துவிட்டு மறந்ததுதான் இவர்களுக்கு உயிர்.

அடுத்து பாடுகிறவரின் உடம்பைப் பாருங்கள். கைகள் பின்னால் கட்டியிருக்கும், அல்லது கால்சட்டைப் பையில் இருக்கும். பார்வை கூட்டத்துக்கு மேலே எங்கேயோ குத்தியிருக்கும். முகத்தில் நடிப்பு இல்லை. தலைப்புக் கொடுத்ததும் சில நொடிகள் மௌனம். கூட்டமும் மூச்சுவிடாமல் இருக்கும். அந்த மௌனத்தில்தான் பாட்டின் பெரும்பகுதி நடந்து முடிகிறது.

மூன்றாம் படி: எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

பெர்ட்சோவின் யாப்பு அசைகளை எண்ணுவது. நம்முடைய நேரசை, நிரையசைக் கணக்கை மறந்துவிடுங்கள், இது அதைவிட எளிது. தமிழில் முயல்வதற்கு ஒரு குறுக்குவழி: புள்ளி வைத்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். 'பக்கத்து' என்றால் ப, க, து. மூன்று. அவ்வளவுதான்.

அடிப்படை அளவுக்கு சோர்ட்சிகோ சிக்கியா என்று பெயர். சோர்ட்சி என்றால் எட்டு, சிக்கி என்றால் சின்னது. எட்டு அரைவரிகள்: ஏழு அசை, ஆறு அசை, ஏழு, ஆறு என்று போகும். ஒவ்வொரு ஆறின் முடிவிலும் இயைபு, ஆக மொத்தம் நான்கு இயைபு. இதையே பத்தும் எட்டுமாக நீட்டினால் சோர்ட்சிகோ ஆண்டியா, பெரியது. ஐந்து இயைபு வந்தால் ஹமர்ரெகோ, அதாவது பத்து அரைவரி. அதிலும் சின்னது, பெரியது உண்டு. இவற்றுக்கு மேலே ஒன்பது இயைபு கேட்கும் ஒரு வகை இருக்கிறது. அதை எடுத்துப் பாடுகிறவர் துணிந்துதான் எடுக்கிறார். தொடங்குபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பொதுவாகச் சின்ன அளவு வேடிக்கைக்கும் சட்டென்ற பதிலடிக்கும் ஏற்றது. பெரிய அளவு கதை சொல்லவும் கனமான விஷயத்துக்கும் பொருந்தும். இது சட்டமில்லை. நல்ல பாடகர் சின்ன அளவிலேயே அழவைத்துவிடுவார்.

நான்காம் படி: மெட்டைக் கடன் வாங்குங்கள்

பெர்ட்சோலாரி மெட்டுப் போடுவதில்லை. ஊர் அறிந்த மெட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஹொவானிட்டோ டொரொன்சோரோ என்பவர் பல ஆண்டுகள் உழைத்து அந்த மெட்டுகளைத் திரட்டி வகைப்படுத்தியிருக்கிறார். தேசிய அளவில் இயங்கும் பெர்ட்சோ ஆர்வலர் சங்கத்தின் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான மெட்டுகளைக் கேட்கலாம். 1991இல் தொடங்கிய ஷென்பெலார் ஆவண மையம்தான் இதையெல்லாம் காக்கிறது.

மெட்டு வெறும் அழகுக்கல்ல. முதல் வரியை நிதானமான மெட்டில் பாடும்போது வாய் ஒரு வேலை செய்கிறது, மூளை இரண்டாம் வரியைத் தேடுகிறது. மெட்டு நன்றாகப் பழகியிருந்தால்தான் இந்த இரட்டை வேலை நடக்கும். அதனால் உங்களுக்குத் தூக்கத்திலும் வரக்கூடிய ஒரு மெட்டை எடுங்கள். தாலாட்டோ, கும்மியோ, எதுவாக இருந்தாலும் சரி, ஏழும் ஆறுமாக உட்கார்ந்தால் போதும். இருவர் பாடும்போது முதலில் பாடுகிறவர் எடுத்த மெட்டிலேயே மற்றவரும் பாட வேண்டும். எதிராளிக்குப் பழக்கமில்லாத மெட்டை எடுத்து மாட்டிவிடும் குசும்பும் உண்டு.

ஐந்தாம் படி: கடைசி வரியை முதலில் செய்யுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

பெர்ட்சோ மேலிருந்து கீழாகப் பாடப்படுகிறது, கீழிருந்து மேலாகக் கட்டப்படுகிறது. தலைப்புக் கிடைத்த அந்தச் சில நொடிகளில் பாடகர் தேடுவது முதல் வரியை அல்ல, கடைசி வரியை. கூட்டம் கைதட்டப் போவது எந்த வரிக்கோ அதை முதலில் பிடித்து மனதில் பத்திரப்படுத்திக்கொள்கிறார். அதன் கடைசிச் சொல் என்ன ஓசையில் முடிகிறதோ அதுதான் கண்ணி முழுக்க இயைபு. அப்புறம் முதல் வரிக்கு வந்து, அந்த முடிவை நோக்கி நடக்கிறார்.

நாமும் செய்து பார்ப்போம். நானே ஒரு தலைப்புத் தருகிறேன்: 'அம்மா போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. ஊர் வீட்டின் சாவி உன்னிடம் இருக்கிறது. இன்று முதன்முறையாக அங்கே போகிறாய்.'

முதலில் மனதுக்கு வருவதெல்லாம் தேய்ந்தவை. வெறும் வீடு, மாட்டிய படம், அணைந்த அடுப்பு. இவற்றைத் தள்ளுங்கள், கூட்டம் இவற்றை உங்களுக்கு முன்பே யோசித்திருக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு செயல் கிடைக்கும். சாவி கையிலேயே இருக்கிறது. ஆனாலும் பழக்கதோஷத்தில் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கிறான். சரி, இதுதான் நம் முடிவு.

ஏழு-ஆறு அளவுக்குள் கொண்டுவர வேண்டும். 'கதவைத் தட்டி நின்றேன்': க, த, வை, த, டி, நி, றே. ஏழு. 'சாவியோடு காத்து': சா, வி, யோ, டு, கா, து. ஆறு. நான் முதலில் 'சாவி இருந்தும் நின்றேன், கதவைத் தட்டிவிட்டு' என்றுதான் கட்டினேன். இரண்டாம் பாதியில் ஓர் அசை கூடியது. அதைவிடப் பெரிய குறை, சாவி முன்னால் வந்துவிட்டது. சாவி என்ற சொல் எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு நல்லது. கதவைத் தட்டுவது வரைக்கும் கேட்பவருக்கு இது சாதாரண வருகையாகவே இருக்க வேண்டும்.

ஆறாம் படி: இயைபு மூட்டையைக் கட்டுங்கள்

முடிவு 'காத்து'. இனி அதே ஓசையில் நிற்கும் சொற்களைச் சேருங்கள்: பார்த்து, வார்த்து, சாத்து, நாத்து, மாத்து. பேச்சில் பார்த்து என்பது பாத்து என்றுதான் ஒலிக்கிறது, அதனால் தாராளமாகச் சேர்க்கலாம். பேச்சு வழக்கில் வீசும் காற்றும் 'காத்து'தான், அதையும் மூட்டைக்குள் போடுங்கள்.

இங்கே ஒரு விதி. ஒரே கண்ணியில் ஒரே இயைபுச் சொல்லை ஒரே பொருளில் இரண்டு முறை வைத்தால் அது பெரும் பிழை. இதற்கு 'பொட்டோ' என்று பெயர். பாடகர் பொட்டோ செய்துவிட்டால் நடுவர்களுக்கு முன்பே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், அரங்கில் ஒரு முனகல் எழும். ஆனால் ஓசை ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருந்தால் தப்பில்லை, கெட்டிக்காரத்தனம். நம் பாட்டில் வீசும் காத்தும் காத்திருக்கும் காத்தும் இரண்டு முனைகளில் நிற்கலாம்.

ஒட்டு மொழியின் வலை என்றேனே, அது இதுதான். தமிழில் வினைமுற்றை வைத்துக்கொண்டு வந்தேன், போனேன், பார்த்தேன், அழுதேன் என்று நாள் முழுக்க இயைபு போடலாம். எவுஸ்காராவிலும் விகுதிகளை அடுக்கி இப்படியே ஓட்டிவிட முடியும். கூட்டம் சகித்துக்கொள்ளும், மதிக்காது. பெயர்ச்சொல், வினையெச்சம், விகுதி என்று இனம் மாறி வரும் இயைபுகளுக்குத்தான் மதிப்பு.

இயைபுகளைத் தேடும் இந்த வேலையை ஒரு காலத்தில் பிறவிக் கொடை என்றே நினைத்தார்கள். அந்த நினைப்பை உடைத்ததில் ஷாபியெர் அமுரிசாவுக்குப் பெரிய பங்கு. பாதிரியாராக இருந்தவர், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் சாமோரா சிறையில் அடைக்கப்பட்டவர். 1980லும் 1982லும் தேசியப் போட்டியை வென்றார். அதற்கு நடுவில் 1981இல் இயைபு அகராதி ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு 'நீயும் பெர்ட்சோலாரிதான்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பயிற்சி நூல். வித்தையைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதுதான் அவர் வாதம். இன்று ஊருக்கு ஊர் பெர்ட்சோ பள்ளிகள் நடக்கின்றன. வழக்கமான பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள்.

ஏழாம் படி: முடிவை நோக்கி நடங்கள்

இனி முதல் மூன்று வரிகள் (இரண்டு அரைவரி சேர்ந்தது ஒரு வரி). இவற்றுக்கு ஒரே வேலைதான்: கடைசி வரிக்கு வேண்டியதைத் தயார் செய்வது, அதைக் காட்டிக்கொடுக்காமல்.

ஊருக்குப் போன அன்று
தெருவெல்லாம் காத்து;
பக்கத்து வீட்டு அக்கா
நின்றாள் என்னைப் பார்த்து;
நள்ளிரவில் வந்தாலும்
வைப்பாள் தோசை வார்த்து;
கதவைத் தட்டி நின்றேன்
சாவியோடு காத்து.

முதல் வரி ஆளை ஊருக்குள் கொண்டுவருகிறது. இரண்டாவதில் பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் பேசாமல் பார்க்கிறாள். ஏதோ சரியில்லை என்று கேட்பவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். மூன்றாவது பழைய காலத்துக்குப் போகிறது. அம்மா என்ற சொல் எங்கேயும் இல்லை, தோசை வார்ப்பது யார் என்று யாரும் கேட்கப் போவதுமில்லை. தலைப்பைக் கூட்டமும் கேட்டிருக்கிறது, அதைத் திரும்பச் சொல்வது அசைகளை வீணாக்குவது.

இது பிரமாதமான பாட்டு என்று நான் சொல்லவில்லை. முதல் வரியில் 'தெருவெல்லாம்' கொஞ்சம் நிரப்புச் சொல்லாக இருக்கிறது. இப்படி அளவுக்காகத் திணிக்கும் சொல்லுக்கு அவர்களிடம் 'பெத்தெலானா' என்று பெயர், நிரப்பு வேலை என்று பொருள். ஆனால் எந்த வரிசையில் பிறந்தது என்று பாருங்கள். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது, அதற்குப் பிறகு முதலாவது. எனக்கு இதற்கு அரை மணி நேரம் ஆனது. மேடையில் நிற்பவருக்கு அரை நிமிடம்கூட இல்லை.

உங்கள் முறை இப்போது. இதே இயைபில் வேறு முடிவைக் கட்டிப் பாருங்கள். 'சாத்து' இன்னும் பயன்படாமல் மூட்டையில் கிடக்கிறது.

எட்டாம் படி: பயிற்சிகளைக் கூட்டிக்கொண்டே போங்கள்

மேடையில் நடக்கும் பயிற்சி வகைகளை நண்பர்களோடு அப்படியே விளையாடலாம்.

எளியது, நான்கு இயைபுச் சொற்களையும் கொடுத்துவிடுவது. தலைப்பு கிடையாது, அந்த நான்கையும் கோத்து ஏதாவது பொருள் வரவைக்க வேண்டும். அடுத்தது, முதல் வரியைப் பாடிக் கொடுப்பது. காய்-யார்ட்சாய்லே ஒரு வரியைப் பாடுவார், அதே மெட்டில் அதே இயைபில் பாடகர் உடனே தொடர வேண்டும். நம் புலவர்களிடம் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வார்கள், இங்கே தலைகீழ். முடிவை முதலில் யோசிக்கும் வித்தைக்கு நேரமே தராத பயிற்சி இது. வேகத்துக்கு நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது இருவர் வேடம் பூண்டு பாடுவது. உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன்: நீ மீன்பிடிப் படகின் முதலாளி. நீ அதில் வேலை கேட்டு வந்த, கடலைப் பார்த்தே இராத பையன். தலைக்கு மூன்று கண்ணி. எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அதைப் பாட வேண்டும், உங்கள் சொந்தக் கருத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. எசப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சுவை சட்டென்று பிடிபடும். எதிராளி வைத்த கடைசி வரியை அப்படியே திருப்பிப் போட்டு அடிப்பதில்தான் சுவையே. அதற்கு உங்கள் முடிவை யோசித்துக்கொண்டே அவர் பாட்டையும் கேட்க வேண்டும். பழகாதவர்கள் கேட்பதை விட்டுவிடுவார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது சிறைத் தலைப்பு. ஒருவர் மேடையில் பாடும்போது மற்றவர்களைக் காதில் விழாத தூரத்தில் ஓர் அறையில் வைத்துவிடுவார்கள். அதைச் 'சிறை' என்பார்கள். ஒவ்வொருவராக அழைத்துவந்து எல்லோருக்கும் ஒரே தலைப்பு, ஆளுக்கு மூன்று கண்ணிகள், தனியாக. மூன்று கண்ணியும் ஒரே கதையாகப் போக வேண்டும், மூன்றாவதன் கடைசி வரி முழுவதையும் தாங்க வேண்டும். ஆக, முதல் கண்ணியைத் தொடங்கும்போதே மூன்றாவதின் முடிவு கையில் இருந்தாக வேண்டும். ஒரே தலைப்பை எட்டுப் பேர் எப்படி எட்டு விதமாகப் பார்க்கிறார்கள் என்பதை அடுத்தடுத்துக் கேட்பது ஒரு தனி அனுபவம். காணொளியில் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

தலைப்பு சொல்லாக மட்டும்தான் வர வேண்டும் என்றில்லை. லஸ்காவோ சிக்கி என்று ஒருவர் இருந்தார். பட்டப்பெயரின் பொருள், லஸ்காவோ ஊர்க் குட்டையன். 1993இல் இறந்தார். அவர் கையில் ஒரு முறை கண்ணாடியைக் கொடுத்து, இதுதான் தலைப்பு என்றார்கள். கண்ணாடியில் தெரிந்த ஆளிடமே பேசுவதுபோல் பாடினார். அந்தக் கண்ணிகள் இன்றும் பலருக்கு மனப்பாடம்.

ஒன்பதாம் படி: தொப்பிப் போட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

பாஸ்க் மொழியில் சாப்பெலா என்றால் அவர்களுடைய வட்டத் தொப்பி. சாம்பியனுக்கு 'சாப்பெல்துன்', தொப்பி உடையவர். போட்டிக்கே சாப்பெல்கெட்டா என்றுதான் பெயர்.

முதல் தேசியப் போட்டி 1935இல் நடந்தது, பசர்ரி என்ற இளைஞர் வென்றார். மறு ஆண்டு வென்றவர் சிர்ரிட்டா. எழுபது கடந்த கிழவர், கல்கொத்தர், சைடர் என்ற ஆப்பிள் மது விற்கும் கடைகளின் நிரந்தர வாடிக்கையாளர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அதே ஆண்டு அவர் இறந்தார், உள்நாட்டுப் போரும் வந்தது. அடுத்த போட்டிக்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிராங்கோ ஆட்சியில் எவுஸ்காராவுக்கே மூச்சுமுட்டிய காலம் அது. 60களில் நான்கு போட்டிகள். முதலாவதைப் பசர்ரியும் மற்ற மூன்றையும் உஸ்தபிடேயும் வென்றார்கள். அப்புறம் மறுபடி இடைவெளி, 1980இல்தான் அமுரிசா.

1987இல் பெர்ட்சோலாரிகள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே பாஸ்க் தொலைக்காட்சியில் பெர்ட்சோவுக்கென ஒரு வாராந்தர நிகழ்ச்சி வந்தது. 1993இலிருந்து 2005 வரை அந்தோனி எகான்யா தொடர்ந்து நான்கு முறை தொப்பி அணிந்தார். 2009இல் மயாலென், 2013இல் அமெட்ஸ் அர்சால்யுஸ், 2017இலும் 2022இலும் மீண்டும் மயாலென். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது, 2021இல் வர வேண்டியது பெருந்தொற்றால் ஓர் ஆண்டு தள்ளிப்போனது.

இறுதிப்போட்டியில் எட்டுப் பேர். காலையிலும் மதியமும் எல்லா வகைப் பயிற்சிகளும் நடக்கும். நடுவர்கள் கண்ணிக்குக் கண்ணி மதிப்பெண் போடுவார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மாலையில் நேருக்கு நேர் மோதுவார்கள். அன்றைக்குப் பார்க்க நேரம் இல்லையென்றால் அந்த மாலை மோதலை மட்டுமாவது பாருங்கள்.

போட்டியை வைத்தே இந்தக் கலையை எடைபோட வேண்டாம் என்பது என் கருத்து. போட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவண மையத்தின் பெயரில் இருக்கும் ஷென்பெலார் 19ஆம் நூற்றாண்டு பெர்ட்சோலாரி, நெசவாலைத் தொழிலாளி. அவர் காலத்தில் எழுதிக் கட்டிய பெர்ட்சோக்களைத் தாளில் அச்சிட்டுச் சந்தைகளில் விற்றிருக்கிறார்கள். கொலை, போர், காதல், தேர்தல் எல்லாச் செய்தியும் அப்படித்தான் கிராமத்துக்குப் போனது. அந்த மரபின் வீடு சாப்பாட்டு மேசைதான்.

பத்தாம் படி: நேரில் போகிறவர்களுக்கு

பெரிய இறுதிப்போட்டி வழக்கமாக டிசம்பர் நடுவில் வரும், டிக்கெட் கிடைப்பது கஷ்டம். தேசியப் போட்டி இல்லாத ஆண்டுகளில் வட்டாரப் போட்டிகள் நடக்கும். மொழி தெரியாதவருக்கு அவைகூட நீளமாகப்படலாம்.

பிப்ரவரி 4ஆம் தேதி மாலையில் அங்கே இருந்தால் அதிர்ஷ்டம். புனித அகேடாவின் முந்தின இரவு. கையில் நீண்ட கம்புகளோடு கூட்டம் கூட்டமாக வீடு வீடாகப் போய், கம்பைத் தரையில் தாளத்தோடு தட்டிப் பாடுவார்கள். பெர்ட்சோலாரி கூட இருந்தால் அந்தந்த வீட்டுக்காரருக்கென்று அங்கேயே ஒரு கண்ணி கட்டிப் பாடுவார்.

மற்றபடி என் பரிந்துரை பெர்ட்சோ விருந்து. அவர்கள் அதை பெர்ட்சோ-அஃபாரி என்பார்கள். சான் செபாஸ்டியனுக்குப் பக்கத்தில் எர்னானி, அஸ்டிகராகா பகுதிகளில் சைடர் கடைகள் நிறைய. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆப்பிள் சைடர் பருவம். விருந்து எங்கே நடந்தாலும் முறை ஒன்றுதான். முதலில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுவார்கள். காப்பி வரும் நேரத்தில் இருவர் எழுந்து நிற்பார்கள், தலைப்புக் கொடுக்க ஒருவர். மேசையில் இருப்பவர்கள் பேரும் ஊர் வம்பும் எல்லாம் பாட்டுக்குள் வரும்.

பக்கத்தில் இருப்பவரிடம் பொருள் கேட்காதீர்கள், அவருக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது. இரண்டு மூன்று கண்ணிக்குள் மெட்டு உங்களுக்குப் பழகியிருக்கும். மூன்றாவது இயைபைத் தாண்டியதும் மேசை முழுக்க முதுகுகள் நிமிரும், இரண்டொருவர் முடிவை ஊகித்து உதடசைக்கத் தொடங்குவார்கள். கடைசி வரியைப் பாடகரோடு சேர்ந்து மொத்த மேசையும் பாடும். சொல் தெரியாவிட்டாலும் அந்த ஒய்னின் ஓசை உங்களுக்கு முன்பே தெரியும். அதை மட்டும் சேர்ந்து பாடுங்கள்.